கடல் என்று நான் அனுப்பிய தண்ணீர்

மரக்காணம்
ஆவணி, 2006

பாஸ்கர்,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலு பக்கம் வெயிலையும் உப்பையும் பற்றி எழுதிவிட்டு ஐந்தாம் பக்கத்தில் 'இப்படிக்கு' போட்டு முடித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? சுனாமிக்குப் பிறகு, கடல் தண்ணீர் என்று சொல்லி உனக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய பாட்டில்களில் ஒன்றுகூடக் கடல் தண்ணீர் இல்லை. எல்லாம் நம் உப்பளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் நான் மொண்டது. இன்னும் பத்து நாளில் அந்தத் தண்ணீரை நம்பி எழுதிய ஆராய்ச்சியை நீ புத்தகமாகக் கட்டிக் கொடுக்கப் போகிறாய். அதை வைத்துத்தான் கொச்சியில் உனக்கு வேலை. அதற்கு முன்னால் உனக்கு இது தெரிய வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை பூத்துக்குப் போனேன். நீ எடுத்ததும் "சொல்லுங்கப்பா" என்கிறாய். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். சாப்பிட்டாயா, மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் நீ எதிரில் இல்லை, உன் குரலும் இல்லை. கோழைக்குக் கடிதம்தான் வசதி. வாய்விட்டுச் சொல்ல முடியாதவன் என்று இந்த அப்பாவை நீ நினைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நீ ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் உன் சாருக்கு இந்தக் கரையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து ஆள் அனுப்பிக் கட்டுப்படியாகாது. மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டால் பாட்டிலைக் கொடுத்தனுப்புவார்கள், நோட்டு எழுத மாட்டார்கள். நீதான் என் பெயரைச் சொன்னாய். "எங்கப்பா உப்பளத்துல மேஸ்திரி சார். டிகிரி பாக்கறதுல கால் டிகிரி தப்பாது" என்று நீ சொன்னதை உன் சாரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. முப்பது வருஷமாகத் தண்ணீருக்குள் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு உப்பின் கனத்தைப் படித்துக்கொண்டிருந்தவனை யாரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு விழும், அதற்கு மேல் அந்தக் குழாய்க்கு என்ன மரியாதை? நீ அதைக் கொண்டுபோய் ஒரு காலேஜில் நிறுத்தினாய்.

பிறகு ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையின் மீன்பிடி போட்டில் போவேன். கரையில் பனங்கூட்டமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராக வருகிற இடத்தில், கலங்கல் முடிந்து நீலம் ஆரம்பிக்கிற இடத்தில், எஞ்சினை நிறுத்துவோம். கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டைக் கீழே விட்டு, அது எத்தனை முடிச்சில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து எழுதுவேன். சூடு பார்ப்பேன், டிகிரி பார்ப்பேன். ஒரு பாட்டிலில் கெடாமலிருக்கப் பழுப்பு மருந்து நாலு சொட்டு, இன்னொன்றில் ஒன்றுமில்லை. இரண்டையும் ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் அடைத்து சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் நீ அங்கே வந்து இறக்கிக்கொள்வாய். நீ பிளாங்டன் என்பாய், நான் பாசி என்பேன். கண்ணுக்குத் தெரியாத பாசி, அதைத் தின்கிற பூச்சி, பூச்சியைத் தின்கிற நெத்திலி, மத்தி, அதைத் தின்கிற நாம். எங்கோ பசிபிக்கில் கடல் சூடேறினால் இங்கே காற்றும் மழையும் தடம் மாறும், அது பாசியில் வந்து நிற்கும் என்று நீ சொன்னபோது உன் அம்மா, அவ்வளவு தூரத்திலிருந்து வருவதற்குள் ஆறிப்போகாதா என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே விளக்கினாய். வெயில் கூடின வருஷத்தில் கடலின் மேல்தண்ணீர் சூடாகி லேசாகிவிடும், அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீரோடு கலக்காமல் தனியாக நிற்கும், பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் அடியிலேயே தங்கிவிடும். மேலே வெளிச்சம் உண்டு, சாப்பாடு கிடையாது. அடியில் சாப்பாடு உண்டு, வெளிச்சம் கிடையாது.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது, ஞாபகம் இருக்கிறதா? கோடைமழை பெய்தால் உப்புப் பாத்தியில் நடப்பதும் அதுதானே. மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே ஏடு மாதிரி படிந்து நிற்கும். காற்று கிளம்பி இரண்டையும் கலக்குவதற்குள் மேல்தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பத்து நாள் பாடு வீண். நான் இதைச் சொன்னதும், "இதத்தான்பா எங்க சாரு அர மணி நேரம் சொன்னாரு" என்றாய். அந்த ராத்திரிச் சோறு மாதிரி நான் எதையும் ருசித்துச் சாப்பிட்டதில்லை.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது. சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், என் பாட்டில் ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் கடலில் இருந்ததும் உயிரோடு வந்ததும் உனக்குத் தெரியும். சாமி காப்பாத்தினார் என்று உன் அம்மா இரும்பை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்ததும் தெரியும். போட்டு ஒரு தடவை மெதுவாக மேலே எழும்பி இறங்கியது, அவ்வளவுதான். நான் நோட்டில் சூடு எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து கோணிப்போயிற்று என்று ஏழுமலையை முறைத்தேன். திரும்பிப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டி நின்ற இடத்தில் நின்றது, அதற்குக் கீழே இருக்க வேண்டியது எதுவும் இல்லை. மத்தியானம் வரை கரையை நெருங்கப் பயந்து அங்கேயே நின்றோம். ஏழுமலை கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தம்பி குமார் கரையில் இருந்தான்.

குமார் ஏன் கரையில் இருந்தான் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். அந்தச் சின்ன போட்டில் எஞ்சின் பிடிப்பது குமார், வலை வீசுவது ஏழுமலை. நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வலை வேலை இல்லை, என் பெட்டியும் கயிறும் வேறு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அன்றைக்குக் குமாருக்கு லீவு. அவன் உட்காருகிற பலகையில் நான் உட்காருவேன். அவன் கரையில் நின்று, "பாத்து மேஸ்திரி, பாட்டில்ல மீன் மாட்டிக்கப் போவுது" என்று கேலி பண்ணி போட்டைத் தள்ளிவிடுவான். அன்றும் தள்ளிவிட்டான். மூன்றாம் நாள் உடலைக் கண்டெடுத்தார்கள். காரியத்தில் ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

தை பிறந்த சமயத்தில் உன் போன் வந்தது. நிவாரண வேலைக்கு வந்த கூட்டம் ஊரை விட்டுப் போயிருக்கவில்லை. "அப்பா, இந்த வருஷத்து பாட்டில்தான் ரொம்ப முக்கியம்னு சார் சொல்றாரு. சுனாமிக்கு முன்னாடி, பின்னாடி, ரெண்டும் நம்மகிட்டதான் இருக்குது. நீங்க போறீங்க இல்ல?" என்று கேட்டாய். நான் அந்த நாள் வரை கடற்கரைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அலைச் சத்தம் கேட்காத தெருவாகப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். "எனக்குப் பயமா இருக்குதுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ உடனே வேண்டாம் என்றிருப்பாய், அதோடு முடிந்திருக்கும். நான் "போறேன்பா" என்றேன். மகனிடம் பயம் என்று சொல்ல எனக்கு வெட்கம். இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஏதாவது இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறப்பான். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிடு.

முதல் பாட்டில் மட்டும்தான், அடுத்த தடவை போய்விடுவேன் என்று நினைத்துத்தான் வாய்க்காலில் மொண்டேன். அந்தத் தண்ணீர் கழிவெளி என்கிற உப்பங்கழிப் பக்கமிருந்து வருவது, கடலைவிடக் கனம் கூடுதல். நாலரை டிகிரி காட்டியது. அப்படியே அனுப்பினால் சென்னையில் உப்பைச் சோதித்துப் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷத்து நோட்டைப் புரட்டினேன், அதே மாதத்தில் கடல் எத்தனை டிகிரி என்று பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அந்த டிகிரிக்குக் கொண்டுவந்தேன். வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் திருட்டைச் செய்திருக்க முடியாது, பாஸ்கர். உப்பு மேஸ்திரிக்குத்தான் இந்தக் கை வரும். போன வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி வாய்க்கால் முழுக்க நல்ல தண்ணீராகப் போனபோது, நம் அளத்து உப்பையே கரைத்துச் சேர்த்துக் கடல் செய்தேன். கால் டிகிரி தப்பவில்லை. சொல்லவே கூசுகிறது, செய்து முடித்தபோது ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் சின்னதாக ஒரு பெருமையும் இருந்தது.

உன் அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டாள். கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தவள் நின்று, "பிள்ளைக்குப் போற தண்ணியில எதுக்குங்க கெணத்துத் தண்ணி ஊத்தறீங்க?" என்று கேட்டாள். இதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். அவளுக்கா புரியாது, முப்பது வருஷம் உப்பு வாரினவளுக்கு? அதற்குப் பிறகு நான் பெட்டி கட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். ஒன்றரை வருஷமாக இப்படித்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறோம்.

டிகிரியைச் சரிசெய்ய முடிந்த எனக்குப் பாசியைச் சரிசெய்ய முடியவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. உப்பு சரியாக இருந்தால் கடல்தான் என்று நினைக்கிற மூளை இது. மாசியில் நீ போன் பண்ணி, பாசி அளவு எங்கேயோ ஏறிக்கிடக்கிறது, சுனாமி அடியைக் கலக்கி மேலே தள்ளிவிட்டதோ என்று சார் சந்தோஷப்படுகிறார் என்றாய். அப்போதுதான் வாய்க்காலில் பாசி கூடுதல் என்பது எனக்கு உறைத்தது. சரி, அடுத்ததை உண்மையாக எடுத்துவிடலாம் என்றால், சட்டென்று அளவு விழுந்துவிடுமே, ஏன் என்று கேட்பார்களே. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று வாய்க்காலின் வேறு வேறு இடங்களில் மொண்டு பார்த்தேன். அது என் கட்டுக்குள் நிற்கவில்லை. வெயில் ஏற ஏற வாய்க்கால் பச்சையாகிக்கொண்டே போயிற்று. ஏழுமலை பங்குனியில் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்து, "வாங்க மேஸ்திரி, தண்ணி எடுக்கப் போலாம்" என்று வீட்டு வாசலில் வந்து நின்றான். தம்பியைக் கொடுத்தவன் கடலுக்குப் போகிறான், ஒன்றும் கொடுக்காத நான் முழங்கால் வலி என்றேன். வேறு போட்டு ஏற்பாடு பண்ணிவிட்டதாகவும் சொன்னேன். உன்னிடம் ஒரு பொய், அவனிடம் ஒரு பொய், நோட்டில் ஒரு பொய். ஒன்றை எடுத்தால் மற்றது சரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் வைத்ததே எனக்குக் குறுக்கே நின்றது.

நீ ஆறாவது படிக்கும்போது மார்க் ஷீட்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாயே, அதை நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். கணக்கில் முப்பதோ என்னவோ. வாத்தியார் சொல்லியனுப்பினார். நான் உன்னை அடிக்கவில்லை, அளத்துக்குக் கூட்டிப் போய் வரப்பில் நிற்க வைத்தேன். சித்திரை வெயில், நாலு பக்கமும் வெள்ளை உப்பு, கண்ணைத் திறக்க முடியாது. நிழலுக்கு நகரக்கூடாது என்றேன். "ஏன்டா பொய்க் கையெழுத்து போட்ட?" என்று கேட்டதற்கு நீ, "நீங்க வருத்தப்படுவீங்கன்னுப்பா" என்றாய். அதை நான் காதில் வாங்கவே இல்லை. பொழுது சாயும் வரை நிறுத்தினேன். கால் கொப்புளித்து நீ நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, உன் அம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை. நீ போட்டது ஒரு கையெழுத்து. நான் அனுப்பியது நாற்பது பெட்டி இருக்கும். என்னை யார் எந்த வரப்பில் நிறுத்துவது? அன்றைக்கு உன்னை நிறுத்தியது தப்பு. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

போன மாதம் ஆடியில் நீ வந்தாய். லேப்டாப்பைத் திறந்து கோடு கோடாகக் காட்டினாய். சுனாமி கலக்கியது என்றால் ஆறு மாதத்தில் அடங்கியிருக்கும், இது அடங்கவில்லை, ஆகவே காரணம் சுனாமி இல்லை, சூடு என்று நீ சாரிடமே வாதாடி ஜெயித்ததைச் சொன்னாய். சாட்டிலைட் படத்தில் கரையோரம் இப்படித் தெரியவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "கலங்கல்ல சாட்டிலைட் ஏமாந்துடும், பாட்டில் ஏமாறாது" என்று பதில் சொன்னதாகச் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, "உலகத்துல எங்க பாத்தாலும் வெப்பக் கடல்ல சூடு ஏறினா பாசி கொறையுதுப்பா. நம்ம கரையில மட்டும் ஏறுது. வகையும் மாறுது, கழியில இருக்க வேண்டிய வகையெல்லாம் கடலுக்கு வந்திருக்குது. இதை மொதல்ல கண்டுபிடிச்சது நாம ரெண்டு பேரும்தான்" என்றாய். கழியில் இருக்க வேண்டியது கழியில்தான் இருந்தது, பாஸ்கர். உன் கண் சிவந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகக் குனிந்து எண்ணுகிறாயாம். நீ கண் எரிய எரிய எண்ணியதெல்லாம் என் வாய்க்கால். அன்றே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் ஈ.சி.ஆர். ரோட்டில் உன்னை பஸ் ஏற்ற நின்றபோது, "பாஸ்கரு" என்று ஆரம்பித்துவிட்டேன். பஸ் வந்துவிட்டது. நீ படியில் நின்று, "என்னப்பா?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை, ஜன்னலோரமாக உட்கார் என்றேன்.

இப்போது மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்பாய். தைரியம் இல்லை, ஏழுமலைதான். ஊருக்கு வந்தபோது அவனிடமும் நீ விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய், நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாய். உன் தலை மறைந்த நாலாம் நாள் அவன் அளத்துக்கே வந்தான். பாத்திக் கரையில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறினால் கரையோரம் மீனுக்குத் தீனி கூடும் என்று நீ சொன்னாயாம். அதைக் கேட்ட நாளிலிருந்து தூரம் போவதை விட்டுவிட்டு இங்கேயே வலை போடுகிறானாம். போன வெயிலிலும் சரி, இந்த வெயிலிலும் சரி, கரையோரம் போட்ட வலை வெறுமையாகத்தான் வந்ததாம், இந்த நாலு நாளும் அப்படியேதானாம். அவன் உன்னைக் குறை சொல்ல வரவில்லை. "தம்பி படிச்ச புள்ள, அது தப்பா சொல்லாது. எனக்குத்தான் மேஸ்திரி குமாரு போனதுலேந்து புத்தி மழுங்கிப்போச்சு. எங்க போடணும், எப்ப போடணும், ஒண்ணும் தெரியல. நீங்க கொஞ்சம் தம்பிகிட்ட கேட்டு சொல்லுங்க" என்றான்.

நாற்பது வருஷம் கடலைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவன், பாஸ்கர். அவன் வலை சொல்வதுதான் உண்மை. அதை அவன் நம்பவில்லை, என் பாட்டிலை நம்புகிறான். இத்தனை நாளும் உன்னை ஏமாற்றுகிறேன், உன் சாரை ஏமாற்றுகிறேன் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். காகிதத்தில் இருக்கிற பொய் காகிதத்திலேயே கிடக்கும் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அது நடந்துபோய் ஒருத்தனுடைய புத்தியையே அவன் சந்தேகப்படும்படி செய்துவிட்டது. தம்பியை இழந்தவனிடம் மிச்சம் இருந்தது அந்தப் புத்தி ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அவன் வீட்டுக்குப் போய், போகலாமா என்றேன். ஏறும்போது அவன் கை கொடுத்தான். குமாரின் பலகையில் உட்கார மாட்டேன் என்று நின்றேன், அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தான். பழைய இடத்தில் வெள்ளைத் தட்டை விட்டேன். முடிச்சு முடிச்சாகக் கயிறு போய்க்கொண்டே இருக்கிறது, தட்டு மறையவில்லை. நாம் ஆரம்பித்த வருஷத்தில் மறைந்த இடத்தைத் தாண்டி, இன்னும் கீழே, வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பாசியே இல்லாத தண்ணீர், அவ்வளவு தெளிவு, அவ்வளவு வெறுமை. நீ முதன்முதலில் எனக்குச் சொல்லித் தந்தது போலத்தான் கடல் நடந்துகொள்கிறது. அங்கே வைத்து ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குமாரைப் பற்றியும் சொன்னேன். அவன் எஞ்சின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டான். முடித்ததும், "எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவுது? தம்பிகிட்ட சொல்லுங்க" என்றான். கரையில் இறங்கியதும் பெட்டியை அவனே தூக்கி என் சைக்கிளில் வைத்தான். மறுநாள் விடியும் முன்பே தூரக் கடலுக்குப் போய்விட்டான் என்று அவன் வீட்டில் சொன்னார்கள்.

சுனாமி அன்று எடுத்த பாட்டில் வரை உண்மை. அதற்குப் பிறகு வந்தது எதையும் நம்பாதே, நோட்டில் உள்ள சூடும் தட்டு முடிச்சும் சேர்த்து. போன வாரம் அனுப்பிய பாட்டிலில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், அது ஏழுமலையோடு போய் எடுத்தது. அதை எண்ணிப் பார். மற்றதோடு ஒத்துப்போகாது. எத்தனை மாத உழைப்பு போயிற்று, கொச்சி வேலை நிற்குமா, இதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது நீயாகச் செய்ய வேண்டியது, நான் கேட்டு வாங்குவதில்லை. உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். தெரியும் என்றாள். சோறு போட்டாள். நலமாகத்தான் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு.

இன்னும் ஒன்று. இதை உனக்கு மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ இதை மடித்துப் பெட்டியின் அடியில் வைப்பாய். அப்பா பெயர் கெட்டுவிடுமே என்று சாரிடம் வாயைத் திறக்க மாட்டாய். பாட்டில் உடைந்தது, ஐஸ் உருகியது என்று நீயாக ஏதாவது காரணம் தேடுவாய். பிறகு ஆயுசுக்கும் அதைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருப்பாய். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் உன் சாருக்கு எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதி, என் மகனுக்கு ஒன்றும் தெரியாது என்று கீழே கையெழுத்துப் போட்டு, முந்தாநாளே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர் படித்த பிறகுதான் இது உன் கைக்கு வரும். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபம் வரும், வரட்டும்.

கேட்டிருந்தால் நீ மறைத்திருப்பாய். என் பிள்ளைதானே.

அப்பா